அட்டையில் இருந்த ரத்தம்

“என் வீட்டுக்காரருக்கு வேற ஒருத்தியோட தொடர்பு இருக்கு. ஆதாரம் கொண்டு வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு, கணக்கு டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு இதயத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

சிவப்பு ஸ்பாஞ்ச் இதயம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நான் அதை எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். நன்றாக அமுங்கி, விட்டதும் முக்கால்வாசிதான் உப்பியது. இரண்டாவது தடவை அமுக்குவதற்குள் மேடம் அதைப் பிடுங்கி மேஜையிலேயே வைத்துவிட்டார்.

மேடம் எங்கள் துப்பறியும் அலுவலகத்தின் முதலாளி. இருபது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலை பார்த்துவிட்டு, அலுத்துப்போய்ச் சொந்தமாக ஆரம்பித்தவர். நான் அவருடைய உதவியாளன். ஆட்களின் பின்னாலேயே போவது என் உத்தியோகம் என்பதால் என்னை ‘வால்’ என்று கூப்பிடுவார். முப்பத்தெட்டு வயதில், முன்மண்டையில் முடி விடைபெற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தப் பெயரைச் சுமப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அலுவலகம் என்பது ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே எங்கள் தண்ணீர் கிளாஸ் நடுங்கும்.

டீச்சருக்கு ஏழு மாத வயிறு. வலது முழங்கையில் பிளாஸ்திரி. உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதை மேடம் கவனித்தார். மேடம் கவனித்ததை நான் கவனித்தேன். எங்கள் தொழிலில் எனக்குக் கிடைத்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

“இது எங்கே கிடைச்சது?”

“அவரோட டிபன் பையில. கூடவே இதுவும்.” ஒரு ஆரஞ்சு கிரீம் பிஸ்கட் உறை வெளியே வந்தது. அதன் பின்னால் கட்டம் போட்ட தாள் ஒன்று. தேதி, போன் வந்த நேரம், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், திரும்பி வந்தபோது மனநிலை. நான்கு வரிசை. கடைசிக் கட்டத்தில் நான்கு தடவையும் ஒரே பதில்: ‘அளவுக்கு மீறிய சந்தோஷம்.’

“மனநிலைக்குத் தனிக் கட்டமா டீச்சர்?” என்றேன்.

“கணக்குல எதையும் விடக்கூடாது.”

“ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் நடுவுல மூணரை மாசம், நாலு மாசம் இருக்கே. அந்தம்மா ரொம்பப் பொறுமைசாலி போல.”

மேஜைக்கு அடியில் மேடத்தின் செருப்பு என் காலைத் தேடி வந்து மிதித்தது.

“முழங்கையில என்ன?” என்று மேடம் கேட்டார்.

“திங்கட்கிழமை ஸ்கூல் வராண்டாவுல ஈரம். காலைல பத்து மணி இருக்கும். வழுக்கி விழுந்து வயிறு பெஞ்சு முனையில இடிச்சுது. கொஞ்சம் ரத்தம் கசிஞ்சுது. டாக்டர் ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டு குழந்தைக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. எனக்கு ஓ நெகட்டிவ். நெகட்டிவ் அம்மாவுக்கு இப்படி அடிபட்டா ஒரு ஊசி போடணுமாம். அடிபடலைன்னாலும் ஏழாம் மாசம் ஒண்ணு உண்டாம். நல்லவேளை, அவரும் நெகட்டிவ். அதனால எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

“உங்க வீட்டுக்காரரும் நெகட்டிவா?”

“ஏ நெகட்டிவ். அவர் வேலை பார்க்கற இரும்பு யார்டு அட்டையிலயே போட்டிருக்கு. டாக்டர் அட்டையை நம்பாம டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க. அவரே லேபுக்குப் போய் ரிப்போர்ட்டும் வாங்கிட்டு வந்தார். எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.”

“மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ் ஆச்சே டீச்சர்?”

“அது பெருக்கல் கணக்குல. ரத்தத்துல இல்லை.” என்னைக் கடைசி பெஞ்சுக்காரனைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு மேடத்திடம் திரும்பினார். “இன்னிக்குக் காலைல அஞ்சாவது போன் வந்துச்சு. பதினோரு மணிக்கு வந்துடறேன்னு குசுகுசுன்னு பேசினார். நான் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு நேரா இங்க வர்றேன். உண்மை எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. குழந்தையைத் தனியா வளர்க்கறதுக்கும் ஒரு கணக்குப் போட்டு வெச்சுட்டேன்.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் நடுங்கியது. எனக்குக் கிண்டல் வரவில்லை. சட்டென்று எழுந்து என் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன்.

இரும்பு யார்டின் வாசலில் பத்தரை மணிக்கு நின்றேன். டீச்சரின் கணவர் அங்கே கிரேன் ஓட்டுகிறவர். ஏழு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கீழே எறும்பு மாதிரி தெரியும் ஆட்களுக்கு நடுவே டன் கணக்கில் இரும்பை இறக்குகிறவர். ஆள் ஆறடி. கையை நீட்டினால் நான் அதில் துணி காயப்போடலாம்.

பத்து நாற்பதுக்கு வண்டியில் வெளியே வந்தார். பூக்கடைப் பக்கம் போகவில்லை. நகைக்கடைப் பக்கமும் போகவில்லை. நேராக ஒரு வெல்டிங் பட்டறை முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தார். உள்ளேயிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியபடி ஒரு வெல்டர் வந்து பின்னால் ஏறிக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தொங்கு மீசை.

மேடத்துக்குப் போன் போட்டேன். “மேடம், காதலியைப் பார்க்கப் போறவர் வழியில ஒரு மீசையை ஏத்திட்டுப் போறார். எனக்கு ஒண்ணும் புரியலை.”

“நான் இந்த இதயத்தைத்தான் பார்த்துட்டிருக்கேன்” என்றார் மேடம். “இதுல நாலு விரலும் பதிஞ்ச பள்ளம் இருக்கு. ஆசையாக் குடுத்த பரிசை யாராவது இப்படிப் போட்டுப் பிசைவாங்களா? ரத்தம் குடுக்கறவங்க கையில இதைக் குடுத்து அமுக்கச் சொல்வாங்க. ஒரு தடவை குடுத்தா மறுபடி குடுக்க மூணு மாசம் ஆகணும். குடுத்து முடிச்சதும் ஜூஸ், பிஸ்கட். எங்கே இருக்கே இப்போ?”

“பெரிய ஆஸ்பத்திரி ரோட்ல.”

“பின்பக்க கேட்ல திரும்புவார் பாரு.”

அவர் சொல்லி முடிக்கவில்லை. முன்னால் போன வண்டி கையைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரியின் பின்பக்க கேட்டில் திரும்பியது. ரத்த வங்கி என்று போர்டு. டீச்சரை நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

“கேஸ் முடிஞ்சுது மேடம். மனுஷன் ரகசியமா ரத்ததானம் பண்றார். தங்கமான புருஷன்.”

“அதுல ரகசியம் எதுக்கு?”

“அடக்கம்.”

“பிஸ்கட் உறையைக் கூட ஞாபகார்த்தமாப் பையில வெச்சுக்கற ஆளுக்கா அடக்கம்? உள்ளே போய் முழுசாப் பாரு.”

உள்ளே போனேன். ஒரு நீளமான கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், கடைசியில் பச்சைத் திரை. கிரேன்காரர் திரைக்கு ரொம்பத் தூரத்தில், சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு சிஸ்டர் ஊசி வைத்த தட்டோடு குறுக்கே போனார். உடனே இவர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

சிஸ்டர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது கிரேன்காரரின் பெயர். எழுந்து போனவரோ வெல்டர்.

கையில் கிரேன்காரரின் யார்டு அட்டை. போட்டோ பழசாகி, அதில் மீசை மட்டும்தான் மிச்சம் இருந்தது. சிஸ்டர் அந்த மீசையைப் பார்த்தார், இந்த மீசையைப் பார்த்தார், உள்ளே அனுப்பிவிட்டார். இருபது நிமிஷத்தில் வெல்டர் முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஜூஸைத் தான் வைத்துக்கொண்டு பிஸ்கட்டை நண்பரிடம் நீட்டினார். “இந்தா மச்சான், உன் கூலி” என்றார். கிரேன்காரர் முகத்தில், டீச்சரின் தாளில் எழுதியிருந்த அதே அளவுக்கு மீறிய சந்தோஷம்.

நான் ஓரமாகப் போய், சிரிப்பை அடக்கிக்கொண்டு, நடந்ததை மேடத்திடம் சொன்னேன். “ஆறடி ஆளுக்கு ஊசின்னா பயம் மேடம். இவர் அட்டைக்கு அவர் கையை நீட்டறார். பிஸ்கட் மட்டும் இவருக்கு. இந்தத் தடவை நிஜமாவே கேஸ் முடிஞ்சுது.”

 போனில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுவது கேட்டது.

“அட்டை யாரோடது?” என்றார் மேடம்.

“கிரேன்காரரோடது.”

“ரத்தம் யாரோடது?”

“வெல்டரோடது.”

“அப்ப ஏ நெகட்டிவ் யாரு?”

“வெல்ட...” என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றேன். சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“டீச்சர் விழுந்தது திங்கட்கிழமை காலை பத்து மணி. இன்னிக்குப் புதன். இன்ஷூரன்ஸ்ல பிரசவ கிளெய்ம் ஆயிரம் பார்த்தவ நான். அந்த ஊசிக்கு எழுபத்திரண்டு மணி நேரம்தான் கெடு. நாளைக்குக் காலைல பத்து மணி. அந்த ஆளை எங்கேயும் விடாதே. நான் வீட்டுக்குப் போன டீச்சரைக் கூட்டிட்டு வர்றேன்.”

ஆறடி ஆளை ஐந்தடி மூன்று அங்குல வால் எப்படிப் பிடித்து வைப்பது? அவருடைய வண்டிச் சாவி பக்கத்து நாற்காலியில் கிடந்தது. போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் நாற்காலிக்கு அடியில், பேப்பருக்குள், குப்பைக்கூடைக்குள் எல்லாம் தேடினார்கள். நானும் கூடவே தலையைக் குனிந்து தேடினேன், எழுந்திருக்காமல்.

டீச்சர் உள்ளே வந்ததும் கண்கள் கூடம் முழுக்க ஒரு பெண்ணைத் தேடின. கிடைத்தது கணவரும், வெல்டரும், பாதி தின்ற ஆரஞ்சு கிரீம் பிஸ்கட்டும்தான்.

“நீ எங்க இங்க?” கிரேன்காரர் எழுந்தார். “வயித்துல வலியா?”

மேடம் குறுக்கே வந்தார். “ஒரே ஒரு கேள்வி சார். உங்க ரத்தம் என்ன குரூப்?”

“ஏ நெகட்டிவ்.”

“யார் சொன்னது?”

“அட்டையில இருக்கு.”

“அட்டைக்கு யார் சொன்னது?”

கிரேன்காரர் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் கூரையைப் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார். “நான்தாங்க. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரே நாள் யார்டுல சேர்ந்தோம். மருத்துவ முகாம்ல ரத்தம் எடுத்தாங்க. இவன் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோட சாஞ்சுட்டான். பாவம்னு இவன் சீட்டுக்கும் நானே கையை நீட்டினேன். அடுத்த மாசம் நான் யார்டை விட்டுப் பட்டறை போட்டுட்டேன். இவன் பேரு இந்த ஆஸ்பத்திரியோட அபூர்வ ரத்தப் பட்டியல்ல நின்னுபோச்சு. அவசரம்னு கூப்பிடறப்ப இல்லைன்னு சொல்ல முடியலைங்க. யாரோட உயிரோ. அதனால நான் வந்துட்டுப் போறேன்.”

“லேப் ரிப்போர்ட்?” என்றார் டீச்சர். அவர் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது.

“அதுக்கும் நான்தான் தங்கச்சி. சும்மா ஃபைலுக்குக் கேட்கறாங்கன்னு சொன்னான்.”

திரைக்குப் பின்னாலிருந்து சிஸ்டர் வெளியே வந்துவிட்டார். முழுவதையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. டீச்சர் ஓ நெகட்டிவ் என்பதையும் திங்கட்கிழமை விழுந்ததையும் மேடம் அவரிடம் சுருக்கமாகச் சொன்னார்.

“ரத்தம் நல்ல ரத்தம்தான். பேரை மாத்திக் குடுத்தீங்களே, ஏதாவது ஆகியிருந்தா யாரை வந்து பிடிப்போம்?” என்று வெல்டரை ஒரு பிடி பிடித்துவிட்டு, கிரேன்காரரிடம் திரும்பினார். “நீங்க பண்ணின காரியத்துக்கு அர்த்தம் தெரியுமா? நெகட்டிவ் ஆளுங்க நூத்துக்கு நாலஞ்சு பேர்தான் இருப்பாங்க. நீங்க பாசிட்டிவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படின்னா குழந்தையும் பாசிட்டிவா இருக்கலாம். விழுந்தப்ப குழந்தை ரத்தம் அம்மா ரத்தத்துல கலந்திருந்தா, அம்மா உடம்பு அதை எதிரின்னு நினைச்சு அடிக்க ஆள் சேர்க்க ஆரம்பிக்கும். இந்தக் குழந்தை தப்பிச்சுடலாம், தப்பாமலும் போகலாம். அடுத்த குழந்தை வயித்துக்குள்ளயே அடி வாங்கும். அந்த ஊசி, ஆள் சேர்க்கறதைத் தடுக்கறதுக்கு. அடிபட்ட எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள போடணும். சேர்த்த பிறகு போட்டா பிரயோஜனமே இல்லை.”

கிரேன்காரர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அவ்வளவு பெரிய உடம்பு நாற்காலிக்குள் சுருங்கிவிட்டது.

“டாக்டர் ஊசி வேண்டாம்னு சொன்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?” என்று மனைவியிடம் சொன்னார். “என்னால உனக்கும் ஒரு ஊசி தப்பிச்சுதுன்னு நினைச்சேன்.”

 டீச்சர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருக்கு. அதுல ஒரு நிமிஷம்கூட இங்க நிக்க எனக்கு இஷ்டமில்லை. டாக்டர் எங்கே?” என்றார்.

பிரசவப் பகுதி ஆஸ்பத்திரியின் முன்பக்கம். இரண்டு நிமிஷ நடை. கிரேன்காரர் மனைவியின் வலது பக்கமும் மேடம் இடது பக்கமும் போனார்கள். வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெல்டரோடு நான் பின்னால் போனேன். அது என் வழக்கமான இடம்தான்.

டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கிரேன்காரரை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. “இவர் டெஸ்டுக்கு எல்லாம் காத்திருக்க வேண்டாம். முதல்ல அம்மா ரத்தத்துல எதிர்ப்பு ஏதாவது உருவாகியிருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னா உடனே ஊசி” என்றார்.

ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு ஜோக் கூடச் சொல்லவில்லை. மேடம் அதைத் தன் டைரியில் குறித்து வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. “எதுவும் உருவாகலை. நேரத்துக்கு வந்துட்டீங்க” என்றார் டாக்டர்.

டீச்சர் அப்போதுதான் அழுதார். வாய்விட்டு, மூக்கை உறிஞ்சி, எங்கள் எல்லார் முன்னாலும் அழுதார். எனக்கும் கண் கரித்தது. ஆஸ்பத்திரி மருந்து நெடி என்று மேடத்திடம் சொல்லி வைத்தேன்.

ஊசி போட்டு முடிந்தது. பிரசவத்துக்குப் பிறகு குழந்தையின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “இப்ப நீங்க.”

கிரேன்காரர் முகம் வெளுத்தது. ஆனால் ஓடவில்லை. சட்டைக் கையைத் தானே மடித்தார். பிரசவப் பகுதி சிஸ்டர் ஊசியை எடுத்ததும் முகத்தை மறைக்க ஒரு பேப்பர் தேடினார். டீச்சர் கைப்பையைத் திறந்து, மேடம் திருப்பிக் கொடுத்திருந்த அந்தச் சிவப்பு ஸ்பாஞ்ச் இதயத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“அமுக்குங்க. இந்தத் தடவை உங்க ரத்தம்.”

“கோவமா இருக்கியா?”

“ரொம்ப. அதைப் பிரசவம் முடிஞ்சு வெச்சுக்கலாம். இப்ப என்னைப் பாருங்க. ஊசியைப் பார்க்காதீங்க.”

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டு இதயத்தைப் பிசைந்து தள்ளினார். சிஸ்டர் பஞ்சை வைத்துக் கையை மடக்கி விட்டார். அப்புறமும் பிசைந்துகொண்டே இருந்தார்.

“முடிஞ்சுது” என்றார் சிஸ்டர்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

ஒன்பது வருஷம் ஓடி ஒளிந்த மனுஷன் பஞ்சைத் தூக்கிப் பார்த்தார். ஒரு புள்ளிதான் இருந்தது.

“ஒரு கடுகளவு விஷயத்துக்கு இவ்வளவு பெரிய ஆளுக்கு எவ்வளவு பாடு மேடம்” என்று நான் ஆரம்பித்தேன்.

“உன் ஆபீஸ் அட்டையை எடு வால்” என்றார் மேடம்.

எடுத்தேன்.

“ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்கே. எங்கே டெஸ்ட் பண்ணினே?”

“ஃபார்ம்ல அந்த இடம் காலியா இருந்துச்சு மேடம். பார்க்க நல்லா இல்லைன்னு...”

“சிஸ்டர், இன்னொருத்தர் இருக்கார்” என்றார் மேடம். வெல்டர் ரொம்ப அன்போடு என் தோளைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினார். பிஸ்கட் உண்டா என்று கேட்டதற்கு, சாம்பிளுக்கெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் கிரேன்காரரின் சீட்டு வந்தது. டாக்டர் படித்தார். “ஏ பாசிட்டிவ்.”

 நாளைக்குக் காலை பத்து மணி வந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருமே ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருப்போம். டீச்சர் கணவரின் யார்டு அட்டையை வாங்கினார். கைப்பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்தார். ‘ஏ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்த மைனஸ் குறியின் நடுவே, மேலிருந்து கீழாக நேராக ஒரு கோடு போட்டார்.

“எழுத்து சரி. குறி தப்பு” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “அரை மார்க்.”

கிரேன்காரர் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தனக்குச் சொந்தமான ரத்தத்தை அட்டையில் பார்த்தார். பிறகு, ஒரு கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, இன்னொரு கையால் மனைவியின் கைப்பையை வாங்கிக்கொண்டு, வராண்டாவில் எங்காவது ஈரம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து முன்னால் நடந்தார்.